நாற்காலியை இழுத்துப் போட்டவர்

வெள்ளைச் சட்டை. தங்க ஃபிரேம் கண்ணாடி. மூச்சு இல்லை.

கட்டிலில் கிடந்தவருக்கு எழுபத்தைந்து வயது இருக்கலாம். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு இனி அது தேவையில்லை.

பக்கத்தில், தரையில், இன்னொரு கிழவர். சாயம் போன சட்டை. மடியில் ஒரு தலையணை.

மதியச் சாப்பாட்டோடு உள்ளே வந்த கன்னியம்மா இரண்டு பொட்டலங்களையும் கீழே போட்டாள்.

அலறினாள்.

மணி ஒன்றே கால்.

தரையில் இருந்தவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"கத்தாதம்மா," என்றார். "போலீஸுக்கு போன் பண்ணு."

* * *

இன்ஸ்பெக்டர் காயத்ரி ஜீப்பை விட்டு இறங்கியதும் கேட்டில் இருந்த பலகையைப் படித்தாள்.

கே. மணவாளன், மாவட்ட நீதிபதி (ஓய்வு).

பின்னால் வந்த ஏட்டு குப்புராஜும் படித்தார்.

"ஜட்ஜு ஊட்லயே கொலை. கேசு எந்தக் கோர்ட்டுக்கு மேடம் போவும்?"

"முதல்ல கொலையானு பாப்போம் குப்புராஜ்."

டாக்டர் மேரி கையுறையைக் கழற்றிக்கொண்டே பின் அறையிலிருந்து வந்தார். கதவைச் சாத்தினார்.

"கொலைதான். உதட்டுக்கு உள்பக்கம் பல்லு பதிஞ்சிருக்கு. தலகாணியை வெச்சு அழுத்தியிருக்காங்க. ஏற்கெனவே பக்கவாதம் வந்த உடம்பு. ஒரு கைதான் வேலை செய்யும். போராடக்கூட முடிஞ்சிருக்காது."

"எப்போ?"

"பத்தரைக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல."

காயத்ரி கூடத்துக்கு வந்தாள். கிழவர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மேஜைக்குப் பின்னால் இருந்த கனமான மர நாற்காலியை இரண்டு கையாலும் இழுத்துப் போட்டார். அவள் உட்காரும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். உட்கார்ந்ததும் அரை அங்குலம் முன்னால் தள்ளினார்.

சத்தமே இல்லை.

பழகிய கை, என்று நினைத்தாள் காயத்ரி. பெரிய இடத்து வேலைக்காரன்.

"பெரியவரே, உங்க பேரு?"

அவர் வாசலைப் பார்த்தார்.

"மகன் வரட்டும்மா. அவர் சொல்லட்டும்."

"யாரோட மகன்?"

"இந்த வீட்டு மகன். தணிகைவேல். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இரும்பு ஃபேக்டரி வெச்சிருக்கார்."

"நம்பர்?"

அவர் டைரியைத் தேடவில்லை. பத்து எண்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

காயத்ரி அடித்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"செவ்வாப்பேட்டை வீட்ல ஒரு பெரியவர் இறந்துட்டாரு. கொஞ்சம் வரணும்."

"அப்பாவா?"

"நீங்க வந்துதான் சொல்லணும்."

* * *

கன்னியம்மாவுக்கு எதிர்ச்சாரியில் மெஸ். மூன்று வருடமாக இந்த வீட்டுக்கு மூன்று வேளையும் சாப்பாடு கொடுப்பவள் அவள்தான். வராந்தாவில் குந்தியிருந்தாள்.

"சொல்லுங்கம்மா."

"இன்னாத்த சொல்றது மேடம். ஜட்ஜய்யா படுத்த படுக்க. வாய் பேச வராது. சாயங்காலம் ஆனா இவுருதான் சக்கர நாற்காலில வெச்சு ஸ்டேஷன் வரைக்கும் தள்ளிக்கினு போவாரு. அவுரு இஸ்திரி போட்ட வெள்ளச் சட்டையோட குந்தினு இருப்பாரு. இவுரு கையில மஞ்சப் பை."

"இவர் யாரு?"

"வேலக்காரரு. வேற யாரு? அவுரு ஏசி ரூம்ல கட்டில்ல. இவுரு வாசப்படியில பாயி. குளிப்பாட்றது, துணி தோய்க்கிறது, ஊட்டி உடறது எல்லாம் இவுருதான். ரொம்ப நல்லவருனு நெனச்சுகினு இருந்தேன்."

"இன்னிக்கு?"

"பத்தரை மணி இருக்கும். மஞ்சப் பைய எடுத்துக்கினு ஸ்டேஷன் பக்கம் போனாரு. 'கதவத் தாப்பா போடல, கொஞ்சம் பாத்துக்கோ'ன்னாரு. எனக்கு அடுப்புல வேல. ஒன்றே காலுக்கு சோறு எடுத்துக்கினு வரேன்... தலகாணிய மடியில வெச்சுகினு குந்தினு இருக்காரு மேடம். அழக்கூட இல்ல."

காயத்ரி உள்ளே போனாள்.

"எங்க போனீங்க பெரியவரே?"

"திருவள்ளூர். ரயில்ல."

"எதுக்கு?"

"பென்ஷன் வேலை. வருஷத்துக்கு ஒருதரம் போகணும்."

அவர் சட்டைப் பையிலிருந்து ரயில் டிக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். போகவர டிக்கெட். பத்து முப்பத்தைந்துக்கு வாங்கியது.

குப்புராஜ் அதை எடுத்துப் பார்த்தார்.

"டிக்கெட் வாங்கினா ரயில் ஏறினதா அர்த்தமா? வாங்கிட்டுத் திரும்பி வந்திருக்கலாம் இல்ல? இன்னா பெரீவரே?"

"வந்திருக்கலாம்," என்றார் அவர். "நல்ல கேள்வி."

"நக்கலா?"

"இல்லப்பா. நிஜமாவே நல்ல கேள்வி."

"தலகாணியை ஏன் எடுத்தீங்க?" என்றாள் காயத்ரி.

"முகத்துமேல இருந்துச்சு."

கேட்டதற்கு மட்டும் பதில்.

சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. கறுப்பு அங்கியில் நாற்பது வயது நீதிபதி. காயத்ரி அதைப் பார்த்தாள். கிழவரைப் பார்த்தாள். சாத்தியிருந்த பின் அறைக் கதவைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடமும் ஒரு பக்கவாதமும் குறுக்கே நின்றன. அந்த முகம் இப்போது யாருடையதாகவும் இருக்கலாம்.

* * *

மூன்றரைக்கு ஒரு கறுப்புக் கார் வந்தது. கறுப்புக் கண்ணாடி ஏற்றிய கார்.

தணிகைவேலுக்கு நாற்பத்தைந்து வயது. ஷூவைக் கழற்றாமல் படி ஏறினார்.

"பதினோரு வருஷம் ஆச்சு மேடம், நான் இந்த வாசப்படி மிதிச்சு. கடைசியில இதுக்கா வரணும்."

"சார், பாடி..."

காயத்ரி எழுந்து வழிகாட்டுவதற்குள் அவர் நடந்துவிட்டார். வாசலை ஒட்டிய முன் அறை திறந்து கிடந்தது. அதைத் தாண்டினார். கூடத்தைத் தாண்டினார். சாத்தியிருந்த பின் அறைக் கதவைத் தள்ளினார். வாசற்படியிலேயே நின்றார்.

கைக்குட்டையை முகத்தில் பொத்திக்கொண்டார்.

"அப்பா..."

கட்டில் பக்கம் போகவில்லை.

"உங்க அப்பாதானா சார்? கிட்டப் போய்ப் பாருங்க."

"என் அப்பாவை எனக்குத் தெரியாதா மேடம்? அவர் சட்டை. அவர் கண்ணாடி. என்னால அந்த முகத்தைப் பாக்க முடியாது. விடுங்க."

கூடத்துக்குத் திரும்பினார். அப்போதுதான் சுவரோரமாக நின்றவரைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை.

"இவன்தானா?"

"இவரைத் தெரியுமா சார்?"

"அப்பாவோட டவாலி. எபினேசர்."

"டவாலினா?"

"கோர்ட்ல சிவப்புப் பட்டை போட்டுக்கிட்டு ஜட்ஜுக்கு முன்னால நடப்பானே. சத்தம் போடாதீங்கனு கத்துவான். நாற்காலி இழுத்துப் போடுவான். அந்த வேலை. அப்பா ரிட்டயர் ஆனப்புறமும் இங்கயே ஒட்டிக்கிட்டான்."

காயத்ரிக்கு அந்த மர நாற்காலி ஞாபகம் வந்தது. சத்தமில்லாமல் இழுத்த கை. அரை அங்குலம் தள்ளிய கை.

சரியாகப் பொருந்தியது.

கிழவர் தணிகைவேலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒன்றுக்காகக் காத்திருப்பதுபோல் இருந்தது. பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"இவர் ஏன் சார் கொல்லணும்?"

"பணம்தான் மேடம். மாஜி ஜட்ஜுங்க பென்ஷனை ஏத்திட்டாங்க. முன் தேதியிலிருந்து கணக்குப் போட்டு மொத்தமா அரியர்ஸ் வருது. அப்பாவுக்கு முப்பத்தெட்டு லட்சம். வேலைக்காரன் வெச்சுக்கறதுக்கே கவர்மென்ட் மாசா மாசம் தனிப் படி குடுக்குது. அதைத் தின்னுட்டுத்தான் இவன் இங்க கிடந்தான். அரியர்ஸ் மேலயும் கண்ணு விழுந்திருக்கும்."

"அந்தப் பணம் இப்ப யாருக்கு வரும்?"

"சட்டப்படி நாமினிக்கு. நான்தான். ஒரே பையன்." கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், போஸ்ட்மார்ட்டம் சீக்கிரம் முடியுமா? ஆறு மணிக்குள்ள எரிச்சிடணும். ராகுகாலம் எல்லாம் பாத்துட்டேன்."

"குப்புராஜ், பெரியவரை ஜீப்ல ஏத்துங்க."

குப்புராஜ் கிழவரின் முழங்கையைப் பிடித்தார்.

கிழவர் நகரவில்லை.

"எரிக்கக் கூடாதும்மா," என்றார்.

"என்னது?"

"புதைக்கணும். அவன் கிறிஸ்தவன்."

பின் அறையில் ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

தணிகைவேல் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"யோவ்... என்ன உளர்ற? எங்கப்பா எப்போ மதம் மாறினாரு?"

"உங்கப்பா மாறல," என்றார் கிழவர். "உங்கப்பா சாகவும் இல்ல."

"பைத்தியம் மேடம் இது. மாட்டிக்கிட்டதும் நடிக்கிறான்."

கிழவர் காயத்ரி பக்கம் திரும்பினார்.

"திருவள்ளூர்ல மாவட்டக் கருவூலம். அருணானு ஒரு அதிகாரி. அவங்களை ஒரு போன் கேளுங்கம்மா. ஸ்பீக்கர்ல."

* * *

போன் ஆறு முறை அடித்தது.

"அருணா பேசறேன்."

"செவ்வாப்பேட்டை இன்ஸ்பெக்டர் காயத்ரி. ரிட்டயர்டு ஜட்ஜ் மணவாளன் பென்ஷன் விஷயமா கேக்கணும்."

"கேளுங்க மேடம். இன்னிக்குத்தானே வந்துட்டுப் போனாரு."

"யாரு?"

"ஜட்ஜ் சார்தான். உயிரோட இருக்கேன்னு வருஷத்துக்கு ஒருதரம் நேர்ல வந்து காட்டணும் இல்லையா, அதுக்கு. உங்களுக்கு ஆளனுப்பறோம், நீங்க அலைய வேணாம்னு எத்தனையோ தடவ சொல்லிட்டோம். கேக்க மாட்டாரு. மஞ்சப் பையோட வரிசையில நிப்பாரு."

"வந்தது அவர்தான்னு எப்படித் தெரியும்? வேற யாராவது..."

"விரல் வெச்சாரே மேடம். மெஷின் எடுத்துக்கிச்சு. இருங்க, பாத்துச் சொல்றேன்... பதினொண்ணு முப்பத்தெட்டு. அவர் ரேகைதான். முன்ன எடுத்த ரேகையோட ஒத்துப்போச்சு."

பத்தரைக்கும் பன்னெண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் இந்தக் கட்டிலில் செத்திருக்கிறார். அதே நேரத்தில் நீதிபதியின் விரல் திருவள்ளூரில் இருந்திருக்கிறது.

அப்படியானால்...

"இன்னொண்ணு மேடம்," என்றது போன். "நாமினியையும் இன்னிக்கு மாத்திட்டாரு. மகன் பேரை எடுத்துட்டு எபினேசர்னு எழுதினாரு. என்ன சார் உறவுன்னு கேட்டேன். 'இருக்கறது அவன் ஒருத்தன்தான்'னாரு. கிளம்பறப்ப எனக்கு நாற்காலிகூட இழுத்துப் போட்டாரு. எனக்கே கூச்சமாப் போச்சு."

காயத்ரி போனை அணைத்தாள். மெல்ல எழுந்தாள்.

அவளை அறியாமல் கை நெற்றிக்குப் போனது.

"சார்..."

குப்புராஜ் முழங்கையை விட்டுவிட்டார். ரொம்ப தூரம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"மன்னிச்சிடுங்கப்பா. எனக்கு அடையாளம் தெரியல," என்றார் தணிகைவேல். "பதினோரு வருஷம் ஆயிடுச்சு. மெலிஞ்சிட்டீங்க. எபினேசருக்கு உங்க சட்டையப் போட்டு..."

"சட்டை அவனுக்குச் சரியா இருந்துச்சு," என்றார் மணவாளன். "இருபத்தாறு வருஷம் அதைத் தேய்ச்சுக் குடுத்தவன். எந்த ஊருக்கு என்னை மாத்தினாலும் கேட்டு வாங்கிக்கிட்டு கூடவே வந்தவன். ஜட்ஜுங்க சம்பளத்துக்குக் கமிஷன் போட்டாங்க. அப்புறம் இன்னொரு கமிஷன் போட்டாங்க. நாற்காலி இழுக்கிறவனுக்கு எவனும் கமிஷன் போடல. நாலு வருஷம் முன்னால அவனுக்குக் கை விழுந்துச்சு. அதுக்கப்புறம் நாற்காலி இழுக்கிற வேலை எனக்கு வந்துச்சு. அவ்வளவுதான்."

"சரிப்பா. அடையாளம் தெரியாதது தப்புதான். கொலை பண்ணவன் யாருனு போலீஸ் பாக்கட்டும்."

"பாத்தாச்சே."

"யாரு?"

"என்னை அடையாளம் தெரியாதவன்."

மணவாளன் காயத்ரி பக்கம் திரும்பினார்.

"என்னைத் தெரிஞ்சவனா இருந்தா எபினேசரைக் கொன்னிருக்க மாட்டான். கட்டில்ல இருந்தவனை ஜட்ஜுனு நெனச்சுத்தான் கொன்னிருக்கான். ஜட்ஜ் செத்தா லாபம் ஒரே ஒரு ஆளுக்கு. மாசக் கடைசிக்குள்ள நாமினியை மாத்தப்போறேன், அதுக்குள்ள ஒருதரம் வந்து பாருன்னு நான்தான் அவனுக்கு லெட்டர் போட்டேன்." நிறுத்தினார். "வரச் சொன்னேன். வந்திருக்கான்."

"ஆதாரம்? லெட்டர் போட்டா கொலையா? இந்த வீட்டுக்குள்ள வந்தே பதினோரு வருஷம் ஆச்சுனு..."

"அதை வாசல்லயே சொன்னே. குறிச்சுக்கிட்டேன். இன்ஸ்பெக்டர், பதினோரு வருஷம் முன்னால என் அறை முன் அறை. ராத்திரி எபினேசர் பக்கத்துல படுத்தாலும் இப்பவும் அதுதான். பின் அறையில அப்போ வெறும் சட்டப் புத்தகம். கட்டில் போட்டு, ஏசி வெச்சது போன வருஷம். நீங்க வழி சொல்லல. கதவு சாத்தியிருந்துச்சு. அப்பா செத்துட்டார்னு ஓடி வந்த மகன், அப்பா அறையைத் திரும்பிக்கூடப் பாக்காம நேரா அங்க ஏன் போனான்?"

காயத்ரி தணிகைவேலிடம் கையை நீட்டினாள்.

"போனைக் குடுங்க."

"எதுக்கு?"

"கும்மிடிப்பூண்டியிலேர்ந்து வரதுக்கு நடுவுல டோல்கேட் இருக்கு. ஃபாஸ்டேக் காசு எடுத்தா மெசேஜ் வரும். இன்னிக்கு எத்தனை வந்திருக்குனு பாக்கறேன்."

மூன்று வந்திருந்தது.

காலை ஒன்பது இருபத்தைந்து. பகல் பன்னிரண்டு ஐந்து. மதியம் மூன்று ஐந்து.

தணிகைவேல் சுவரில் சாய்ந்தார். நாற்பத்தைந்து வயது சட்டென்று அறுபதானது.

"ஃபேக்டரி முழுகிடுச்சு," என்றார். யாரிடமும் இல்லை. "பேங்க்காரன் வந்து பூட்டப் போறான். இந்த இடமும் அந்தப் பணமும் இருந்தா... தெரு முனையில காரைப் போட்டுக் காத்திருந்தேன். வேலைக்காரன் மஞ்சப் பையோட போனான். பக்கத்துலதான் போனான். கண்ணாடியை உரசிக்கிட்டு."

"அது நான்தான்," என்றார் மணவாளன். "கறுப்புக் கண்ணாடி. எனக்கு உள்ள இருக்கிறது தெரியல. உனக்கு வெளிய இருக்கிறது தெரிஞ்சிருக்கும்."

"உள்ள போனப்போ கண்ணு முழிச்சிட்டாரு. என்னைப் பாத்தாரு. பாத்து... சிரிச்சாரு."

பின் அறைக் கதவைப் பார்த்தார்.

"அப்பா என்னைப் பாத்துச் சிரிச்சதே இல்ல," என்றார் தணிகைவேல். "அங்கயே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

மணவாளன் கண்ணை மூடித் திறந்தார்.

"சின்ன வயசுல உன்னை இடுப்புல தூக்கிக்கிட்டு கோர்ட் வராந்தாவுல நின்னவன்டா. அவனுக்கு உன்னைத் தெரிஞ்சிருக்கு."

* * *

கறுப்புக் கார் அங்கேயே நின்றது. ஜீப் போனது.

ஐந்தே கால் ரயில் செவ்வாப்பேட்டையைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. வழக்கமாக அந்தச் சத்தத்துக்குச் சக்கர நாற்காலி வெளியே வந்துவிடும். இன்று அது வராந்தா மூலையில் மடக்கிக் கிடந்தது.

கன்னியம்மா ஒரு டம்ளர் காபியோடு வந்தாள். ஒரே ஒரு டம்ளர். அதைப் பார்த்ததும் அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

"ஜட்ஜய்யா... மூணு வருசமா உங்களத்தான் வேலக்காரருனு... ஒருதரம் ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நீ கேக்கலயேம்மா. சாம்பார்ல உப்பு கம்மினுகூட நான் சொன்னதில்ல."

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே போனாள்.

காயத்ரி கூடத்திலேயே நின்றாள்.

"பாடியை நாளைக்குக் காலையில குடுத்துடுவாங்க சார். சர்ச்சுல சொல்லிட்டேன்."

"நல்லதும்மா."

"முன்னாலேயே நீங்க யாருனு சொல்லியிருந்தா, இவ்வளவு நேரம் நிக்க வேண்டியிருந்திருக்காதே சார்."

"சந்தேகம் ஒரு மணிக்கே வந்துடுச்சு. தப்பா இருக்கட்டும்னு நின்னேன்." அவர் வாசலைப் பார்த்தார். "அவன் உள்ள வந்து என்னைப் பாத்து, 'அப்பா, நீங்க நல்லாத்தானே இருக்கீங்க'ன்னு கேட்டிருந்தா போதும். கேஸ் அங்கயே தள்ளுபடி ஆயிருக்கும்."

அவள் மேஜைக்குப் பின்னால் போனாள். அந்த மர நாற்காலியை இழுத்தாள். தரையில் கிறீச்சென்று சத்தம் வந்தது.

"உக்காருங்க சார்."

அவர் அந்த நாற்காலியையே பார்த்தார். நான்கு வருடத்தில் முதல்முறையாக, வேறொருவர் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தூக்கி இழுக்கணும்மா. சத்தம் வராது."

"கத்துக்கறேன் சார்." அவள் தயங்கினாள். "கருவூலத்துலேர்ந்து மறுபடி போன். எபினேசர் இறந்துட்டதால நாமினி இடம் காலியாம். நாளைக்கு வந்து வேற பேர் எழுதணுமாம்."

"எழுதறதுக்கு ஒரு பேர் கிடைச்சதும் வரேன்னு சொல்லுங்க."

"அப்புறம், மாசா மாசம் உதவியாளர் படினு ஒண்ணு தராங்களே. அதையும் நிறுத்தட்டுமானு கேக்கறாங்க."

மணவாளன் காபி டம்ளரை எடுத்தார். ஒரு வாய் குடித்தார்.

"நிறுத்தச் சொல்லுங்க. நாலு வருஷமா அந்த வேலையைப் பாத்தவன் இன்னிக்கு ரிட்டயர் ஆயிட்டான். அவனுக்குப் பென்ஷன் உண்டான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."